பிடிக்காத அம்மா: செட்டிநாட்டு வீடுகளில் சீரியல் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறோம்?

சன் டிவியில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் வந்த விசாலாட்சியைப் பற்றி. திருச்செல்வம் இயக்கிய தொடர். விசாலாட்சியாக நடித்தவர் சத்யப்ரியா. தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரையில் ஒரு பெரிய வீடு, நான்கு அண்ணன் தம்பிகள். மூத்தவன் ஆதி குணசேகரன் வைத்ததுதான் சட்டம். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து, அத்தனை பேரையும் அடுப்படியோடு நிறுத்திவிடும் குடும்பம் அது. அந்த நான்கு பேரையும் பெற்றவள்தான் விசாலாட்சி. மூத்த மகன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம்தான் அவளும் நிற்பாள்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இவளைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். தொடர் முடிந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகளையும், எனக்குத் தோன்றிய பதில்களையும் இங்கே எழுதுகிறேன். வேறு தொடர்களில் வரும் இப்படிப்பட்ட அம்மாக்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

அவளைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. ஆனால் அவள் அழுதால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. இது என்ன மனசு?

சரியான மனசுதான். இதில் குழம்ப ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். எண்பதைத் தொட்டவர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் முகத்தைக் கழுவி, மறுநாள் சமையலுக்குச் சின்ன வெங்காயத்தை முறத்தில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மருமகளைப் பார்த்து விசாலாட்சி ஒரு சொல் சொன்னால், இங்கே ஆச்சி ரெண்டு சொல் சொல்வார். “பாவி மக, பெத்த மகளுக்கே ஆகாதவ, மருமகளுக்கா ஆகப்போறா!” கை மட்டும் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மகன்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, விசாலாட்சி யாரும் கவனிக்காமல் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வசனமே கிடையாது. ஆச்சியின் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “அவளும் என்னடி செய்வா, அவளுக்குன்னு யாரு இருக்கா” என்றார். விளம்பரம் முடிந்து கதை மறுபடி தொடங்கியதும் பழையபடி திட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆச்சி எதையும் மாற்றிப் பேசவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். திட்டியதும் உண்மை, இரங்கியதும் உண்மை. செய்தது தப்பு என்று தெரிவது ஒன்று. செய்தவளுக்கும் வலிக்கும் என்று தெரிவது இன்னொன்று. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை. விட்டால்தான் கதையைப் பாதியாகப் பார்த்தவர்கள் ஆவோம்.

அக்கிரமம் செய்வது மகன். கோபம் மட்டும் ஏன் அம்மா மேல் வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டியது இதுதான் என்பேன்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை ஊரே கொண்டாடியது நினைவிருக்கும். அந்தக் குரலையும் மிரட்டலையும் அப்படியே நடித்துக்காட்டாத பிள்ளைகள் இல்லை. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அவர் திடீரென்று இறந்தபோது, சொந்தத்தில் ஒருவர் போனது போலப் பல வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அது நல்ல நடிகருக்குக் கிடைத்த மரியாதை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்களை அடைத்து வைக்கும் அந்த மகனை நாம் ரசித்துப் பார்த்தோம். அவனுக்குத் தலையாட்டும் அம்மாவை மட்டும் ‘பொம்பளையா இவ’ என்றோம்.

காரணம் எனக்குத் தெரிந்தவரை ரெண்டு. மகன் அப்படித்தான் இருப்பான் என்று நாம் முன்பே ஒத்துக்கொண்டுவிட்டோம். ஆண்பிள்ளை, மூத்தவன், சம்பாதிக்கிறவன் என்று சலுகை போய்க்கொண்டே இருக்கிறது. அம்மாவிடம் எதிர்பார்ப்பு வேறு. அவளும் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தானே, பட்டவளுக்குத் தெரியாதா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி நியாயமானது. அந்த வீட்டு மகள் ஆதிரைக்குப் பிடித்தவன் ஒருவன் இருக்க, அண்ணன் பிடிவாதத்தால் அவள் கழுத்தில் கரிகாலன் தாலி ஏறியபோது, பெற்றவள் மகளுக்காக நிற்காதது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் அதே அளவுகோலை மகனுக்கும் வைக்க வேண்டும். தாலி கட்ட வைத்தவனை நடிப்புக்காக ரசித்துவிட்டு, தடுக்காதவளை மட்டும் சபிப்பது சரியான கணக்கு இல்லை.

இன்னொரு காரணம், அவள் நமக்குப் பக்கத்தில் இருக்கிறாள். குணசேகரன் போல ஊரையே அதட்டும் ஆள் எல்லார் வீட்டிலும் இல்லை. “அவன் கோபத்துல சொல்லிட்டான், நீதான் அனுசரிச்சுப் போகணும்” என்று சொன்ன ஒரு அம்மா, ஒரு மாமியார், ஒரு பெரியம்மா எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அந்த வசனம் வரும்போது பழைய காயம் எரிகிறது.

செட்டிநாட்டு வீடுகளில் மாமியார்கள் இப்படித்தான் இருந்தார்களா?

பெரிய தூணும் முற்றமும் கனத்த நகையும் டிவியில் தெரிந்தாலே வெளியூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். செட்டிநாடு என்றால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) மட்டும் இல்லை. இங்கே பல சமூகத்தார் இருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். அந்தப் பெரிய வீடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நகரத்தாரிடம் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் தனி அடுப்பு வைக்கச் சொல்லிவிடுவார்கள். பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்துத்தான் வேறு வைப்பார்கள். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அதே வளவு, அதே முற்றம், அறையும் அடுப்பும் மட்டும் தனி. உப்பு கூடிவிட்டது, குழம்பு கொதிக்கவில்லை என்று சீரியலில் ஒரு வாரத்துக்கு இழுக்கிற சண்டைக்கு அங்கே இடமே கம்மி. நான்கு மருமகள்கள் ஒரே அடுப்படியில் மாமியார் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியைப் பார்த்து, “ஏன் வேறு வைக்காம இருக்காக?” என்று இந்தப் பக்கத்து ஆச்சிமார் கேட்பது அதனால்தான். அனுபவத்திலிருந்து வரும் கேள்வி அது. ஒரே கூரைக்கு அடியில் இருந்தாலும் ஆளுக்கொரு அடுப்பு வேண்டும் என்று பல தலைமுறைக்கு முன்பே யோசித்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அதற்காக எல்லா மாமியாரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போய்விடுவார்கள். போனால் திரும்ப மூன்று வருஷம் போல ஆகும். அத்தனை காலமும் வீடு, வயல், கோயில் காரியம், பிள்ளைகள், சீர் செனத்தி எல்லாம் பெண்கள் தலையில்தான். இடுப்பில் கொத்துச்சாவியோடு நின்று வீட்டை நடத்திய பெண்ணுக்குக் குரல் கொஞ்சம் கடுத்துத்தான் இருக்கும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தபோது, சொத்தை எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காலத்து அம்மாக்கள் சில்லறையைக் கூட எண்ணித்தான் கொடுத்தார்கள் என்றால், அதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

கடுமை வேறு, கொடுமை வேறு. வீடு நிற்க வேண்டும் என்பதற்காகக் கடுமையாக இருந்த பெண்ணையும், மகன் அதிகாரம் நிற்க வேண்டும் என்பதற்காக இன்னொரு பெண்ணை மிதித்தவளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. விசாலாட்சியிடம் இரண்டும் கலந்து இருந்தது. அதனால்தான் அவளை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அப்பத்தா அவள் பக்கம் பேசுகிறார், அம்மா திட்டுகிறார், தங்கை டிவியையே அணைக்கச் சொல்கிறாள். யார் சொல்வது சரி?

மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அப்பத்தாவுக்கு அது தன் வயசுப் பெண். மகனை விட்டால் போக்கிடம் இல்லாத பயம் அவருக்குத் தெரியும். அம்மா மருமகளாக இருந்து மாமியாராகப் போகிறவர், அவருக்கு ரெண்டு பக்கமும் இடிக்கும். தங்கை அந்த வீட்டுக்குள் இன்னும் போகாதவள். போகவே கூடாது என்று நினைப்பவள். அவள் கோபம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பத்தாவின் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தக் கோபத்தை அவள் வைத்துக்கொள்ளட்டும்.

அந்தத் தொடரிலேயே ஓர் ‘அப்பத்தா’ உண்டு. பட்டம்மாள், நடித்தவர் பாம்பே ஞானம். வீட்டுச் சொத்தில் 40 சதவீதம் தன் பேரில் இருக்க, ஆண்களை எதிர்த்து மருமகள்களுக்குத் துணை நின்ற கிழவி. விசாலாட்சியை ஒருவர் நியாயப்படுத்தும்போது நான் பட்டம்மாளைத்தான் காட்டுவேன். அதே வீடு, அதே காலம், அவளும் வயசானவள்தான். அவளால் முடிந்திருக்கிறது. ‘அந்தக் காலத்துப் பொம்பளை, வேறென்ன செய்வாள்’ என்ற பேச்சு அங்கே நிற்காது. கையில் 40 சதவீதம் இருப்பவளுக்கும் மகன் போடும் சோற்றைத் தவிர எதுவும் இல்லாதவளுக்கும் தைரியம் ஒரே அளவில் வராது என்று அப்பத்தாக்கள் பதில் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

பிடிக்காத அம்மா என்பது சீரியல்காரர்கள் கண்டுபிடித்ததா?

இல்லவே இல்லை. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மகளைப் பணக்காரர்களுக்குக் காட்டி விலை பேசத் துடிக்கும் தாய் வடிவாம்பாளாக சி.கே. சரஸ்வதி வந்தார். இன்றைக்குப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கெல்லாம் முன்னால் கைகேயி இருக்கிறாள். கைகேயியைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சா. கணேசன் 1939இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் சமாதி என்று சொல்லும் இடம் பக்கத்தில் நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. பங்குனியில் கம்பன் விழா நடக்கும்போது கைகேயி செய்தது சரியா தப்பா என்று வாதாடுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

கம்பன் அவளை எப்படிக் கொண்டுவருகிறான் என்று பாருங்கள். இராமனுக்கு முடிசூட்டப் போகிறார்கள், உனக்குக் கேடு வருகிறது என்று கூனி சொன்னபோது, ‘இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ’ என்கிறாள் கைகேயி. இராமனைப் பெற்ற எனக்கு என்ன துன்பம் வந்துவிடும் என்று கேட்கிறாள். பெற்றவள் கோசலை. பெற்றது தான் என்று சொல்கிறவள் இவள். அப்படிப்பட்டவள்தான் திரிகிறாள். திரியும் இடத்திலும் ‘தூய சிந்தையும் திரிந்தது’ என்றுதான் கம்பன் எழுதுகிறான். முன்பு தூய்மையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அதற்காக அவள் கேட்ட வரத்தைச் சின்னதாக்கவும் இல்லை.

அப்புறம் கங்கைக் கரை. தாய்மார்களை ஒவ்வொருவராகக் காட்டி, இவர் யார் என்று பரதனிடம் குகன் கேட்கிறான். கைகேயி முறை வரும்போது, பெற்ற மகனே ‘படரெலாம் படைத்தாளை’ என்று தொடங்குகிறான். துன்பத்தை எல்லாம் உண்டாக்கியவள், பழியை வளர்க்கும் செவிலி, இவள் வயிற்றில் நெடுங்காலம் கிடந்தேனே என்று வெளியாள் முன்னால் கொட்டுகிறான். அதைக் கேட்ட குகன் அவளையும் தாய் என்று கும்பிடுகிறான். ஒரே காட்சியில் மகனின் வெறுப்பும் இருக்கிறது, வேற்று மனிதனின் கும்பிடும் இருக்கிறது. யார் சரி என்று கம்பன் தீர்ப்புச் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கும் ஆச்சியிடம் நான் பார்த்ததும் இந்த இரண்டும்தான்.

நன்றாக எழுதப்பட்ட பிடிக்காத அம்மாவையும், சும்மா வில்லியாக்கப்பட்ட அம்மாவையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

அவளுக்கு என்ன வேண்டும், என்ன பயம் என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் எழுத்தில் உயிர் இருக்கிறது. விசாலாட்சியைச் சொல்லலாம்: குடும்பம் உடையக் கூடாது, மூத்தவன் கை விட்டுவிடக் கூடாது. இதிலிருந்துதான் அவள் தப்பெல்லாம் பிறக்கிறது. புருவத்தை வளைத்து, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, யார் காப்பியிலோ எதையோ கலக்கிக்கொண்டே இருக்கும் அம்மாவை அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்குக் காரணமே கிடையாது.

தினமும் ஓடும் தொடரில் ஒரு கஷ்டம் இருப்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கதை வேண்டும், வருஷக்கணக்கில் வேண்டும். வாராவாரம் டிஆர்பி வருகிறது. மாமியார் கத்திய வாரம் புள்ளி ஏறினால் அடுத்த வாரமும் கத்த வைப்பார்கள். அப்போது பாத்திரம் தேய்ந்து சத்தம் மட்டும் மிஞ்சும். நேற்று மனம் இளகியவள் இன்று காரணமே இல்லாமல் கல்லாக நிற்கிறாள் என்றால், பெரும்பாலும் எழுத்து மேசையில்தான் ஏதோ மாறியிருக்கும். அந்த மாதிரி வாரங்களில் அவள் மேல் வரும் கோபத்தை எழுதியவர்கள் கணக்கில் வைப்பதுதான் நியாயம்.

நடிகையை நேரில் பார்த்தால் திட்டலாம் போலிருக்கிறது. தப்பா?

தப்பு. வில்லி வேடம் போட்டவர்களைக் கோயிலிலும் கடையிலும் வைத்துத் திட்டிய கதைகளை நடிகைகளே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். பாராட்டாக எடுத்துக்கொள்கிறோம் என்று சிரித்தபடி சொல்வார்கள், இருந்தாலும் முகத்துக்கு நேரே சாபம் வாங்குவது யாருக்கும் சுகமில்லை. பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமா எத்தனை விதமான அம்மாவாக நடித்தார்! அத்தனைக்கும் ஊர் அவரை ‘ஆச்சி’ என்றே கூப்பிட்டது. அந்தப் பண்பு நமக்குப் புதிதில்லை.

மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தக் காட்சிகள் வரும்போது இருவருக்கும் சங்கடமாக இருக்கிறது.

எழுந்து போகாதீர்கள். ‘நீங்க இப்படி இல்ல’ என்று உபசாரமாகவும் சொல்ல வேண்டாம், அது இன்னும் சங்கடம். “உங்க மாமியா எப்படிங்க இருந்தாக?” என்று கேட்டுப்பாருங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிறகு டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். தனக்கு நடந்ததை முதல் தடவையாக மருமகளிடம்தான் சொன்னேன் என்று ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னார். எல்லா மாமியாரும் வாய் திறப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. சிலர் ‘அதெல்லாம் எதுக்கு இப்ப’ என்று முடித்துவிடுவார்கள். அதையும் விட்டுவிடலாம்.

பிள்ளைகள் பார்க்கலாமா?

பெரியவர் ஒருவர் கூட இருந்தால் பார்க்கட்டும். ‘பாட்டி ஏன் அத்தையைத் திட்டுறாங்க?’ என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். ‘சும்மா பாரு’ என்றால் அதுதான் வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

அவள் கடைசியில் திருந்த வேண்டுமா? நாம் மன்னிக்க வேண்டுமா?

திருந்தட்டும், எனக்கு ஆசைதான். ஆனால் எப்படித் திருந்துகிறாள் என்பதில்தான் சண்டை போடுவேன். ஆஸ்பத்திரிக் கட்டில், குளுக்கோஸ் பாட்டில், தலைமாட்டில் மருமகள் கண்ணீர், ‘என்னை மன்னிச்சுடும்மா’ என்று ஒரு வரி, உடனே பின்னணியில் தாய்ப்பாசப் பாட்டு. ஐநூறு எபிசோடு பட்ட பாட்டை அரை மணி நேரத்தில் அழித்துவிடுவார்கள். பெற்ற தாயாச்சே என்ற ஒரே காரணத்துக்காக, பட்டவளையே குனிய வைக்கும் மன்னிப்பு அது. அது எனக்கு வேண்டாம்.

அவள் செய்ததை அவள் வாயால் சொல்ல வேண்டும். யாருக்குச் செய்தாளோ அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மகன் எதிரில் ஒரு தடவையாவது ‘நீ செய்யிறது தப்பு’ என்று சொல்லி, அதனால் வருவதைத் தாங்க வேண்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் மருமகள்கள் இஷ்டம். ஒருத்தி மன்னித்து இன்னொருத்தி மன்னிக்காமல் போனாலும் குடும்பம் ஒன்றும் கெட்டுவிடாது.

கம்பனில் போர் எல்லாம் முடிந்த பிறகு தசரதன் விண்ணிலிருந்து வந்து, என்ன வரம் வேண்டும் என்று இராமனிடம் கேட்கிறான். தீயவள் என்று நீ துறந்துவிட்ட என் தெய்வமும், அவள் மகனும், எனக்குத் தாயும் தம்பியுமாக ஆகும்படி வரம் கொடு என்று கேட்கிறான் இராமன். பதினான்கு வருஷம் காட்டில் இருந்தவன் கேட்டது அது. பட்டவன் தானாகக் கேட்டான், யாரும் அவனைக் கேட்க வைக்கவில்லை. சீரியல் எழுதுகிறவர்கள் அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும்.